‘நில்’ என்பது எதிரே வருபவனுக்குப் புரிய வேண்டும்: மக்கள் நடுவே போகும் படை எதைக் கையில் எடுக்கலாம்?

என் தங்கை மகன் பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்தவன். இப்போது கேப்டன். அவனுடைய பட்டாலியன் அடுத்த ஆண்டு ஐ.நா. அமைதிப்படையோடு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. போன மாதம் லீவில் காசிமேட்டுக்கு வந்தவன், வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு ஒரு தாளை நீட்டினான்.

“மாமா, உயிர் போகாத ஆயுதங்கள்ல எதையெல்லாம் கொண்டு போகலாம்னு பட்டாலியன்ல இருக்கிற ஒவ்வொரு கம்பெனிப் பிரிவையும் குறிப்பு எழுதச் சொல்லியிருக்காங்க. லிஸ்ட்ல பத்து இருக்கு. நாலுதான் எடுக்கலாம். நீங்க 28 வருஷம் பட்டாளத்துல இருந்திருக்கீங்க. நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?”

அன்றைக்கு நான் சொன்னது அரைகுறைப் பதில். அதற்கப்புறம் ஒரு மாதமாக அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு எழுதிக் கொடுத்ததையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் சீருடையில் இருக்கிறார்கள். துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கம் நின்ற அனுபவமும் தமிழர்களுக்கு நிறைய இருக்கிறது. அதனால் இது ராணுவத்துக்காரர்கள் மட்டும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

நான் 1989-ல் சேர்ந்தேன். அப்போது எங்கள் சீனியர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பியவர்கள். 1990 மார்ச்சில், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த வருத்தத்தைப் பற்றி அவர்கள் பேசுவார்கள். ஆனால் இரவில் மெல்லப் பேசிக்கொண்டது வேறு. சந்துக்குள் ஓடி வருபவன் புலியா, பயந்து ஓடுகிற ஊர்க்காரனா என்று தெரியாது. கையில் இருப்பது ரைபிள் மட்டும். கத்தினால் கேட்கிற தூரம் தாண்டிவிட்டால் அடுத்தது தோட்டாதான். 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சத்தம் போடுவதற்கும் சுடுவதற்கும் நடுவில் கையில் எதுவுமே இல்லாத படையை மக்கள் நடுவே அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சாட்சி இதுதான். அந்த நடு இடத்தை நிரப்பத்தான் இந்தக் கருவிகள்.

சரி, பத்தில் நான்கை எப்படி எடுப்பது? கடைக்காரர்களின் விளம்பரத் தாள்கள் எல்லாம் ‘உயிர் போகுமா, போகாதா’ என்றே பேசுகின்றன. எனக்கு அந்த அளவுகோல் போதவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு ராத்திரியைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் வடகிழக்கில் ஒரு மலைச்சாலை. இரவு 11 மணி இருக்கும், தூறல். நாங்கள் நாக்கா, அதாவது சோதனைச் சாவடி, போட்டிருந்தோம். வளைவில் ஒரு லாரி வந்தது. டார்ச்சை ஆட்டினேன், விசில் ஊதினேன், இந்தியில் ‘ருக்கோ’ (நில்) என்று கத்தினேன். வேகம் குறையவில்லை. என் பக்கத்தில் இருந்த ஜவான், சுடுவதற்காக ரைபிளின் சேஃப்டி கேட்சைத் தள்ளிய சத்தம் எனக்குக் கேட்டது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். 50 மீட்டர் தள்ளி நாம் பார்க்கிற வண்டி மூன்று விநாடியில் நம் மேல் இருக்கும். அந்த மூன்று விநாடியில் இரண்டு போனபின் பிரேக் கிறீச்சிட்டது. ஓட்டியவர் இறங்கிக் கைகளைத் தூக்கிக்கொண்டு அழுதார். அவர் கண்ட காட்சியை அப்புறம்தான் சொன்னார்: மழையில் கண்ணாடி மங்கல், நடுவில் ஒரு வெளிச்சம் ஆடுகிறது, வழிப்பறிக்காரர்கள் என்று நினைத்து மிதித்திருக்கிறார். கடைசி நேரத்தில் சீருடை தெரிந்ததால் நிறுத்தினார். கிளீனர் பையனுக்கு 14 வயதுகூட இருக்காது.

நான் எச்சரித்தேன். அது சத்தியம். அவருக்கு எச்சரிக்கை வந்து சேரவில்லை. அதுவும் சத்தியம்.

இந்த இரண்டு சத்தியங்களும் உலகம் முழுக்க எதிரெதிரே நின்றுகொண்டிருக்கின்றன. 2005 மார்ச் 4 அன்று பாக்தாத் விமான நிலையச் சாலையில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு காரைச் சுட்டார்கள். உள்ளே இருந்தவர் இத்தாலிய உளவு அதிகாரி நிகோலா கலிபாரி. கடத்தப்பட்ட பத்திரிகையாளர் ஜூலியானா ஸ்க்ரேனாவை மீட்டு அழைத்து வந்துகொண்டிருந்தார். கலிபாரி இறந்துபோனார். விளக்கு அடித்தோம், எச்சரித்தோம் என்றது படை. எங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றார் ஸ்க்ரேனா. 2021 டிசம்பர் 4, நாகாலாந்தின் ஓட்டிங் கிராமம். சுரங்கத்தில் வேலை முடித்து வீடு திரும்பிய தொழிலாளர்களின் வண்டி. 6 பேர் செத்தார்கள். வண்டியை நிறுத்தச் சொன்னார்கள், அது வேகமெடுத்தது என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்றார்கள் உயிர் பிழைத்தவர்கள்.

மூன்றாவது நம் ஊர்க்காரர் கதை. 2012 ஜூலை 16, துபாய்க்குப் பக்கத்தில் கடலில் அமெரிக்கக் கடற்படைக்கு எண்ணெய் கொண்டு போகும் ராப்பஹானக் என்ற கப்பலை நோக்கி ஒரு சின்ன மீன்பிடிப் படகு வந்தது. கப்பலில் இருந்து பெரிய இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மீனவர் ஒருவர் இறந்தார், மூன்று பேர் காயம்பட்டார்கள். உயிர்க்கொல்லா எச்சரிக்கை முறைகளை எல்லாம் வரிசையாகச் செய்து பார்த்தோம், படகு விலகவில்லை என்று கடற்படை அறிக்கை கொடுத்தது. எந்த எச்சரிக்கையும் இல்லை, நேராகச் சுட்டார்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள்.

இதை எங்கள் தெருவில் விசைப்படகு ஓட்டுகிற ஒருவரிடம் கேட்டேன். “கடல்ல கப்பல்காரன் மைக்ல கத்தினா உனக்குக் கேக்குமா?” அவர் சொன்னார்: “எஞ்சின் மேல உக்காந்திருக்கேன்ணே. பக்கத்துல நிக்கிறவன் பேசுறதே கேக்காது. அவன் இங்கிலீசுல சொன்னா எனக்கு என்ன தெரியும்? வலை வேற பின்னாடி கிடக்கும், சட்டுனு திரும்பவும் முடியாது.” நான்கு வாக்கியத்தில் அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் அளவுகோல். ஒரு கருவியை எடைபோடும்போது நான் முதலில் கேட்பது இதுதான்: இது எதிரே இருப்பவனுக்குப் புரிகிறதா, புரிந்தபின் விலக அவனுக்கு நேரமும் வழியும் கொடுக்கிறதா? அப்புறம், ஒரு ஆளை மட்டும் தொடுகிறதா, பக்கத்தில் நிற்பவனையும் சேர்த்தா? தவறாகப் பட்டுவிட்டால் நாளைக்கு அவன் எழுந்து நடப்பானா?

இந்தக் கேள்விகளோடு லிஸ்டுக்கு வருவோம்.

முதலில் அடிக்கிற வகை: ரப்பர் குண்டு, பிளாஸ்டிக் குண்டு, பெல்லட். என் தங்கை மகன் இதைத்தான் முதலிடத்தில் எழுதியிருந்தான். பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது.

ரப்பர் குண்டை 1970-ல் பிரிட்டிஷ் ராணுவம் வட அயர்லாந்தில் இறக்கியது. கூட்டத்தின் காலுக்கு முன்னால் தரையில் சுட வேண்டும், அது எகிறி முழங்காலில் படும் என்பது திட்டம். தரையில் எகிறுகிற குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் பிளாஸ்டிக் குண்டு வந்தது, நேராகச் சுடலாம் என்றார்கள். 1972-லிருந்து 1989-க்குள் இந்த இரண்டு வகையிலும் சேர்த்து 17 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. இதிலுள்ள சிக்கல் தூரம்தான். கிட்டத்தில் சுட்டால் மண்டையை உடைக்கிற வேகம். தூரத்தில் சுட்டால் குறி தவறிக் கண்ணில் படும். நடுவில் ஒரு குறுகிய இடைவெளிதான் ‘சரியான தூரம்’. ஓடுகிற கூட்டத்தில் அந்த இடைவெளி ஒரே இடத்தில் நிற்காது. இந்த வகைக் குண்டுகளால் ஏற்பட்ட காயங்களைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் பிஎம்ஜே ஓப்பன் மருத்துவ இதழ் ஒரு கணக்குப் போட்டது. காயம்பட்ட 1,984 பேரில் 53 பேர் இறந்திருந்தார்கள், 300 பேருக்கு நிரந்தர ஊனம். ஆஸ்பத்திரிக்கு வராத சிறு காயங்கள் இந்தக் கணக்கில் இல்லைதான். இருந்தாலும் ‘உயிர் போகாது’ என்று சொல்லிக் கொடுக்கிற பொருளுக்கு இது பெரிய எண்ணிக்கை.

பெல்லட் துப்பாக்கி இன்னும் மோசம். ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான ஈயக் குருணைகள். சுட்டவுடன் விரிந்து போகும். கல் எறிகிறவன் ஒருவன், குருணை பாய்வது அவனைச் சுற்றி நிற்கும் எல்லோர் மேலும். காஷ்மீரில் 2016 கோடையில் 32 நாட்களில் 13 லட்சம் குருணைகள் சுடப்பட்டதாக சிஆர்பிஎஃப் உயர் நீதிமன்றத்தில் தானே தெரிவித்தது. மும்பையில் பணியாற்றும் நம் கண் மருத்துவர் எஸ். நடராஜன் குழுவோடு ஸ்ரீநகர் போய், குருணை பாய்ந்த கண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். உயிர் போகவில்லை, சரி. இருபது வயதில் கண் போன பையனையும் அவன் வீட்டையும் அதற்கப்புறம் எந்தப் படை தன் பக்கம் இழுக்க முடியும்? அமைதிப்படைக்கு ஊர்க்காரர்களின் நம்பிக்கைதான் கவசம். அதைக் கெடுத்துக்கொண்டு போக இதைவிடச் சீக்கிரமான வழி இல்லை. பெல்லட்டை லிஸ்டிலிருந்தே அடித்துவிடு என்று சொல்லிவிட்டேன்.

கண்ணீர்ப்புகை விஷயம் சிக்கலானது. அதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ராணுவம் போரில் கண்ணீர்ப்புகை பயன்படுத்தக் கூடாது. 1997-ல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம், கூட்டத்தைக் கலைக்கும் ரசாயனங்களைப் போர்முறையாகப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. அதே பொருளைச் சட்டம் ஒழுங்கு வேலைக்குப் பயன்படுத்தலாம். போலீஸ் போடலாம், போர்வீரன் போடக்கூடாதா, இது என்ன நியாயம் என்று முதலில் எனக்கும் தோன்றியது. முதல் உலகப்போரைப் படித்தால் காரணம் புரியும். 1914-ல் பிரெஞ்சுக்காரர்கள் கண்ணெரிச்சல் தரும் குண்டுகளைத்தான் எறிந்தார்கள். 1915 ஏப்ரலில் ஈப்ரே நகரத்தருகே ஜெர்மனி குளோரினைத் திறந்துவிட்டது. எதிரே புகை வரும்போது அது எந்தப் புகை என்று பதுங்குகுழிக்காரன் மோந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். தன்னிடம் இருப்பதிலேயே கொடியதை எடுத்து அடிப்பான். அதனால்தான் கதவை முழுதாகச் சாத்தினார்கள். என் தங்கை மகனுக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. முகாம் வாசலில் ஊர்க்காரர்கள் கூடிக் கல் எறிந்தால் அது சட்டம் ஒழுங்கு. அதே வாசலில் ஆயுதக் குழு தாக்கினால் அது சண்டை. புகைக்குண்டு பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மத்தியானத்தில் நடக்கலாம். பெட்டியின் சாவி யார் கையில் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காத கம்பெனி இதைக் கொண்டு போகவே கூடாது.

அடுத்தது இடம். திறந்த வெளியில், காற்று நம் பக்கமிருந்து வீசினால், கூட்டத்துக்குப் பின்னால் வழி இருந்தால், கண்ணீர்ப்புகை தன் வேலையைச் செய்து கலைந்து போகும். பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் எரிச்சல் அடங்கிவிடும். அந்த மூன்றில் ஒன்று தப்பினாலும் கதை மாறும். மெரினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். மணலில் போடுகிற புகை நேரே குப்பத்து வீடுகளுக்குள்தான் போகும். அங்கே தொட்டிலில் பிள்ளை இருக்கும், ஆஸ்துமாக்காரப் பாட்டி இருப்பாள். கதவு இல்லாத இடத்தில் இது, கதவு மூடிய இடத்தில் இன்னும் கொடுமை. 1964-ல் பெரு நாட்டின் லிமா மைதானத்தில் 328 பேர், 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங் மைதானத்தில் 135 பேர். இரண்டிலும் கண்ணீர்ப்புகை போட்டார்கள், ஜனம் வாசலுக்கு ஓடியது, நெரிசலில் செத்தது.

மூன்றாவது, எறிகிற விதம். கையால் உருட்டிவிடுகிற குண்டும் துப்பாக்கியிலிருந்து பாய்கிற குண்டும் ஒன்றல்ல. 2019-ல் பாக்தாதில் போராட்டக்காரர்கள் மண்டைக்குள் புகைக்குண்டுகள் பாய்ந்து இறந்ததை அம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்தது. போலீஸார் வழக்கமாகப் பயன்படுத்துகிற குண்டு 25 முதல் 50 கிராம் வரை இருக்கும். அங்கே சுடப்பட்டவை ராணுவ ரகம், 220 முதல் 250 கிராம். கால் கிலோ இரும்பை நேராக முகத்துக்குச் சுட்டால் அதற்குள் புகை இருந்தால் என்ன, பூ இருந்தால் என்ன. ஆகவே எடுப்பதென்றால் கையால் எறிகிற சின்னக் குண்டு மட்டும். மிளகாய்க் காரத்தைப் போன்ற பாவா என்ற பொருளை நிரப்பிய குண்டுகளை 2016-ல் பெல்லட்டுக்கு மாற்றாக நம் உள்துறை முன்வைத்தது. அதற்கும் இதே விதிகள்தான்: காற்று, வழி, எறிகிற விதம்.

வெளிச்சமும் சத்தமும் அடிக்கிற வகையில் சேராது. அவை பேசுகிற வகை. அதனாலேயே எனக்கு இவை முக்கியம்.

தொலைதூர ஒலிக்கருவியைக் குறித்து ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சத்தத்தால் காதை வலிக்க வைத்து விரட்டும் ஆயுதம் என்று. அப்படியும் பயன்படுத்த முடியும். கிட்டத்தில் வைத்து முழுச் சத்தத்தில் அடித்தால் கேட்கும் திறன் போய்விடும். ஆனால் அதன் பிறப்பு வேறு. 2000 அக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் கோல் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஒரு சின்னப் படகு வந்து மோதி வெடித்தது. 17 மாலுமிகள் இறந்தார்கள். நெருங்கி வரும் படகை தூரத்திலேயே கூப்பிட்டுப் பேச ஒரு கருவி வேண்டும் என்ற தேவையிலிருந்து இது வந்தது. மனிதக் குரலைக் குவித்துப் பல நூறு மீட்டர் தெளிவாகக் கொண்டு போகும். குரலாகப் பயன்படுத்து, சவுக்காகப் பயன்படுத்தாதே என்றுதான் நான் எழுதிக் கொடுத்தேன். அந்த ஊரில் பேசுகிற ஒவ்வொரு மொழியிலும், உள்ளூர்ப் பெண் ஒருவரின் குரலில், நான்கைந்து வாக்கியங்கள் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். ‘வண்டியை நிறுத்துங்கள்’, ‘எஞ்சினை அணையுங்கள்’, ‘இந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்’, ‘வலப்பக்கம் வழி திறந்திருக்கிறது’. கடைசி வாக்கியத்தை யாரும் எழுதுவதே இல்லை. விலகிப் போ என்கிறோம், எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை.

பச்சை லேசர் இராக்கில் சாவடிகளில் புழக்கத்துக்கு வந்தது. கண்ணாடியில் பட்டால் ஓட்டுபவனுக்குக் கூசும், தன்னை யாரோ குறிவைக்கிறார்கள் என்று உடனே தெரியும். பகலில்கூடத் தெரியும் என்பது பலம். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது: கிட்டத்தில் அடித்தால் விழித்திரை கருகும். நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்த லேசர் ஆயுதங்களை 1995-ல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் தடை செய்துவிட்டது. கூச வைக்கும் வகைக்குத் தடை இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில மீட்டர் தூரமும் ஒரு சிப்பாயின் நிதானமும்தான். வளைவு இல்லாத நீளமான சாலையில் சரி. எங்கள் மலைச்சாலை போன்ற இடத்தில் வண்டி தென்படும்போதே மிக அருகில் வந்துவிடும். அங்கே லேசர் கூடாது, பெரிய ஒளிப்பலகைதான் சரி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் பீய்ச்சும் வண்டி சென்னைப் போலீஸிடம் இருக்கிறது, தார்ச்சாலையில் நல்லது. குடிக்கவே லாரித் தண்ணீர் வருகிற ஊரில் அதை வைத்து வீதியில் பீய்ச்சும் படையை எந்தத் தாயும் மன்னிக்க மாட்டாள். எடையும் அதிகம், மண்சாலையில் புதையும். மின்சார அதிர்ச்சி கொடுக்கும் டேசர் ஒரு ஆளைச் சில மீட்டர் தூரத்தில் வீழ்த்தும். கூட்டத்தில் அந்த ஒருவனைத் தூக்கிவர இன்னும் நான்கு பேர் முன்னே போக வேண்டும், அந்த நால்வரும் சிக்கிக்கொள்வார்கள். அமெரிக்கர்களின் வெப்பக்கதிர் வண்டி தோலில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்துக்குச் சூடேற்றி விரட்டும். 2010-ல் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பிவிட்டு, ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் திருப்பி எடுத்துப் போனார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று உடம்பைச் சுடுகிறது என்றால் கிராமத்து ஜனம் என்னவெல்லாம் பேசும்? மயக்க வாயுவைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2002-ல் மாஸ்கோ தியேட்டரில் பணயக்கைதிகளை மீட்க அதைப் போட்டு ஏறக்குறைய 130 பணயக்கைதிகள் செத்தார்கள். 1995-ல் அமெரிக்க ஜெனரல் ஜின்னி தலைமையில் சோமாலியாவிலிருந்து ஐ.நா. படையைப் பாதுகாப்பாக வெளியே கொண்டுவரப் போனவர்கள் பிசின் நுரையைக்கூட எடுத்துப் போனார்கள். காலில் ஒட்டினால் நகர முடியாது, மூக்கில் ஒட்டினால் மூச்சு நிற்கும். அது அதோடு போயிற்று.

லிஸ்டில் கடைசியில் சின்ன எழுத்தில் ‘தடுப்புகள்’ என்று போட்டிருந்தது. முள்கம்பிச் சுருள், சாலையில் விரிக்கும் ஆணிப்பட்டை, வண்டியைச் சிக்க வைக்கும் வலை, மணல் மூட்டை. இதை யாரும் ஆயுதம் என்று மதிப்பதில்லை, கண்காட்சியில் வைப்பதில்லை. நான் இதை முதலிடத்துக்குக் கொண்டுபோனேன். என் கேள்விகளுக்கு எல்லாம் நல்ல பதில் சொல்கிற ஒரே பொருள் இதுதான். ஆணிப்பட்டையில் ஏறியவன் டயரை இழக்கிறான், உயிரை இழப்பதில்லை. குடிகாரன், காது கேட்காதவன், பிரேக் பிடிக்காதவன், பயத்தில் மிதித்தவன் எல்லோரையும் ஒரே மாதிரி நிறுத்தும். வந்தவன் நல்லவனா கெட்டவனா என்று மூன்று விநாடியில் தீர்ப்புச் சொல்கிற பாரத்தைச் சிப்பாயின் தோளிலிருந்து இறக்குகிறது. மண் மூட்டைகளை இடமும் வலமுமாகப் போட்டு வண்டி வளைந்து வளைந்து வரும்படி செய்தால் 60 கிலோமீட்டர் வேகம் 15 ஆகிவிடும். மூன்று விநாடி பன்னிரண்டு ஆகும். ஒன்பது விநாடியை இவ்வளவு மலிவாக வாங்கித் தருகிற வேறு கருவி எனக்குத் தெரியாது.

என் தங்கை மகன் ஒத்துக்கொள்ளவில்லை. “மாமா, 2022 ஜூலையில கிழக்கு காங்கோவுல புட்டெம்போ கேம்ப்ல என்ன நடந்துச்சு? நம்ம பிஎஸ்எஃப்காரங்க ரெண்டு பேர் செத்தாங்க. கூட்டத்துல இருந்தவங்க போலீஸ்கிட்டருந்து துப்பாக்கியைப் புடுங்கிச் சுட்டாங்க. அங்க போய் ஸ்பீக்கர்ல பேசிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?”

அவன் சொன்னது நியாயம். நானும் ரைபிளைப் பெட்டியில் பூட்டச் சொல்லவில்லை. சுடுகிறவனைச் சுட வேண்டும். அதற்குப் பதிலாக ரப்பர் குண்டைச் சிப்பாயின் கையில் கொடுத்தால் அவனுக்கும் துரோகம், பின்னால் நிற்கிறவனுக்கும் துரோகம். ஆனால் அதே மாதம் 31-ஆம் தேதி, கசிண்டி எல்லைச் சாவடியில், விடுப்பிலிருந்து திரும்பிய ஐ.நா. சிப்பாய்கள் சுட்டு ஊர்க்காரர்கள் இறந்ததையும் அவனுக்கு நினைவூட்டினேன். ஐந்து நாள் இடைவெளியில் இரண்டும் நடந்தன. ஒரு கூட்டத்தில் துப்பாக்கி வைத்திருப்பவன் மூன்று பேர் என்றால், மீதி முந்நூறு பேரை அந்த மூன்று பேரிடமிருந்து பிரிக்கிற வேலைதான் உயிர்க்கொல்லா கருவிகளுக்கு. கோடு, குரல், வெளிச்சம், திறந்த வழி. போகிறவர்கள் போய்விட்டால், போகாமல் நிற்பவன் யார் என்று தெரியும்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. ‘உயிர் போகாது’ என்ற நினைப்பு விரலை இலகுவாக்கிவிடும். ரைபிளைத் தூக்க நூறு முறை யோசிக்கிறவன், ரப்பர் குண்டை வசவு கேட்டதற்கே சுட்டுவிடுவான். நம் ராணுவத்தின் பழைய முறை ஒன்று இருக்கிறது. மாஜிஸ்திரேட் கூப்பிட்டு உள்நாட்டுக் கலவரத்துக்குப் போகும் படையோடு ஒரு பியூகிள்காரனும், உள்ளூர் மொழியில் எழுதிய பேனரைப் பிடிக்க இரண்டு பேரும் போவார்கள். பியூகிள் ஊதி, பேனரை விரித்து, கலைந்து போங்கள் என்று சொல்லி, நேரம் கொடுத்து, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். பயிற்சியில் இளம் பையன்கள் அதைப் பழைய காலத்துச் சடங்கு என்று நினைப்பார்கள். அந்தச் சடங்கில் நேரம் இருக்கிறது, மொழி இருக்கிறது. புதுக் கருவி எதை வாங்கினாலும் அந்த இரண்டையும் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கடைசியில் நாங்கள் ஒத்துக்கொண்ட நான்கு: ஒன்று, தடுப்புகள் முழுத் தொகுப்பு, சாவடிக்கு இரண்டு ஆணிப்பட்டை. இரண்டு, ஒலிக்கருவியும் பதிவு செய்த வாக்கியங்களும், கூடவே மொழிபெயர்ப்பாளர். மூன்று, ஒளிப்பலகையும் தேடுவிளக்கும். லேசர் பயிற்சி பெற்ற இரண்டு பேரிடம் மட்டும். நான்காவதில்தான் சண்டை. நான் கையால் எறியும் கண்ணீர்ப்புகை, அதுவும் கம்பெனிக் கமாண்டர் சாவியில் என்றேன். அவன் பிளாஸ்டிக் குண்டுக்காகக் கடைசிவரை வாதாடினான்: கத்தியோடு ஒருவன் மட்டும் முன்னால் வந்தால் என்ன செய்வது? அந்த ஒரு சூழ்நிலைக்கு அது பொருந்தும் என்பதை நான் மறுக்கவில்லை. கம்பெனிக்கு ஒரே ஒரு துப்பாக்கி, நல்ல குறிகாரன் ஒருவன் கையில், இடுப்புக்குக் கீழே, ஒரு ஆளுக்கு மட்டும், கூட்டத்தின் மேல் ஒருபோதும் இல்லை என்று எழுதினால் சரி என்றேன். தாளில் ஐந்தாவதாக, பென்சிலில் எழுதிக்கொண்டான்.

அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இருட்டியதும், மீன் ஏற்றுகிற குட்டி யானை ஓட்டும் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டோம். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சாலையில் அட்டையில் ‘நில்’ என்று எழுதி, நான் ஓரமாக நின்று டார்ச் அடித்துக் காட்டினேன். எப்போது உனக்கு எழுத்து தெரிகிறதோ அப்போது ஹாரன் அடி என்று சொல்லியிருந்தோம். முதல் தடவை அவன் ஹாரன் அடிக்கவே இல்லை. யாரோ பைக்கைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்தானாம். இரண்டாவது தடவை டார்ச்சை அவன் முகத்துக்கு அடிக்காமல் அட்டையின் மேல் அடித்தேன். ஹாரன் கேட்டது. கேப்டன் டேப்பை இழுத்துக்கொண்டு ஓடினான். தாளின் பின்பக்கம் ‘38 மீட்டர்’ என்று எழுதி, அதன் பக்கத்தில் ‘பலகை இன்னும் பெரிசு’ என்று எழுதினான்.